நேரில் கண்டவர்

காலை பத்தரை இருக்கும். பெரியபட்டினத்தில் என் வீட்டு வாசலில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. வைத்தியலிங்கம் சாருடைய மகள் மீனா.

"மாமா, அப்பா போயிட்டாங்க."

"எப்பம்மா?"

"விடியக்காலைல. தூக்கத்துலயே போயிருச்சு உசுரு. நீங்க வாரீங்கள்ல?"

"வாரேம்மா" என்றேன். இன்னாலில்லாஹி சொன்னேன். யார் போனதாகக் கேட்டாலும் எங்கள் வாயில் தானாக வருவது அது. வாய் சொல்லிவிட்டது. மனசில் துக்கம் வரவில்லை. 'கடைசிவரைக்கும் திருத்தாமலே போயிட்டாரே இந்த மனுஷன்' என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. வாளியில் இருந்த தண்ணீர் முழுவதையும் அந்தக் கன்றின் தலையிலேயே கொட்டிவிட்டு உள்ளே போய் சட்டை மாற்றினேன்.

பத்து நாள் கழித்து அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். "சாரோட ஆராய்ச்சியை நேர்ல பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தானே சார்" என்று வேறு சொன்னார்கள். 'நேரில் பார்த்தவர்' என்ற சொல்லைக் கேட்டாலே முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு வயிறு எரிகிறது. இது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுதித் தருகிறேன் என்றேன். புகழ்ந்து எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. மலரில் போட மனம் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வைத்தியலிங்கம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிக்கு விலங்கியல் விரிவுரையாளராக வந்தார். நான் அதே துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துக் காட்டுவதும் கண்ணாடிக் குடுவைகளில் ஃபார்மலின் மாற்றுவதும் என் வேலை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் என்று வாலில்லாக் குரங்குகளின் நடத்தையைப் பற்றித் தமிழில் முப்பத்தைந்து வருஷம் எழுதினார். மாதப் பத்திரிகையில் தொடர், புத்தகங்கள், வானொலிப் பேச்சு, பாடப்புத்தகத்தில் பாடம், சென்னையில் பரிசு, மாலை, பொன்னாடை எல்லாம் வந்தது. அவர் காட்டில் ஒரு வாலில்லாக் குரங்கைக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக நான் குறை சொல்லவில்லை. ராமநாதபுரத்துச் சம்பளத்தில் ஆப்பிரிக்காவுக்கு எந்தப் பஸ் போகிறது?

ஆனால் அந்த வாலை வைத்து அவர் செய்த அட்டகாசம் இருக்கிறதே! புதுமடத்துப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பாவம், நல்ல மனசோடு வாசலில் துணி கட்டி, 'குரங்கு ஆராய்ச்சியாளர் அவர்களே வருக' என்று எழுதி வைத்திருந்தார்கள். சார் வாசலிலேயே நின்றுவிட்டார். "வால் இருந்தா அது ஒரு சாதி, வால் இல்லேன்னா அது வேற சாதி. என் ஆராய்ச்சி வாலில்லாததுல. மாத்தி எழுதுங்க, உள்ள வரேன்." வெயிலில் ஊரே நிற்கிறது. டிராயிங் மாஸ்டர் ஏணி போட்டு ஏறி, இடுக்கில் 'வாலில்லா' என்ற சொல்லை நுணுக்கி எழுதினார். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகள் அவரை 'வாலில்லா சார்' என்றே கூப்பிட்டார்கள். அது அவர் காதுக்குப் போனபோது என்மேல் சந்தேகப்பட்டார். சரியான சந்தேகம்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் ஒன்று செய்தார். ஏதோ ஒரு விடுமுறையில் ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரு சிம்பன்சியின் கூண்டுக்கு எதிரில் பத்து நாள் உட்கார்ந்திருந்தார். காலையில் போய் உட்கார்ந்தால் மணி அடித்து வெளியேற்றும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தச் சிம்பன்சி ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துத் தலையில் வைப்பதும், விழுந்தால் அதையே தேடி எடுத்து மறுபடி வைப்பதுமாக இருந்ததை எழுதினார். ஏன் அப்படிச் செய்தது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று கடைசி வரியில் எழுதினார். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அதைப் பற்றி ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. தெரியவில்லை என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற பாடத்தை அவர் நன்றாகவே படித்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை செய்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். "கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க சீனி. மனசால பார்த்ததை வீட்டுல போய்ச் சொல்லிக்குங்க" என்பார். சீனி முகம்மது என்ற என் பெயரை அவர் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. குறிப்பு நோட்டு கையில் வந்தால் முதல் தடவை பென்சிலோடு படிக்க வேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் கேள்வி எழுத வேண்டும். கேட்டுத் தெளிந்த பிறகுதான் சிவப்பு மை. கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. "பென்சில் கேட்கிறதுக்கு, சிவப்பு முடிக்கிறதுக்கு. பென்சில் கேள்விக்குப் பதில் வராம சிவப்பைத் தொடாதே" என்பதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வாலில்லாதது கிடைக்காததால் வாலுள்ளதைப் பார்ப்போம் என்று அவர்தான் ஆரம்பித்தார். ஆர்.எஸ்.மங்கலத்தில் பெரிய கண்மாய்க் கரையில் ஆலும் மருதமும் அடர்ந்த இடத்தில் ஒரு கூட்டம் நாட்டுக் குரங்கு இருந்தது. அவர் மாதம் ஒருமுறை வருவார். சனி ஞாயிறும் விடுமுறையும் உட்கார்ந்து எழுதியது நான். அங்கே எனக்குத் துணை கருப்பையா. கண்மாய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி. ஒவ்வொரு குரங்குக்கும் ஊர் ஆட்கள் பெயரை அவர்தான் வைத்தார். பெரிய கடுவனுக்குப் பிரசிடெண்டு. கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு நடக்கிற ஒன்றுக்குக் கண்டக்டர். காது கிழிந்த ஒரு மந்திக்கு ஒத்தக்காதி. இன்னொரு மந்தி, வாட்டசாட்டமானது, அது வந்தால் மற்ற மந்திகள் ஒதுங்கி இடம் விடும். அதற்குச் சின்னாத்தா.

"ஏன் சின்னாத்தா?" என்று கேட்டேன்.

"நம்ம பஸ் ஸ்டாப்புல அவிச்ச கடலை விக்கிற சின்னாத்தாவை நீங்க பார்த்ததில்லையா பாய்? அந்தப் பொம்பளைக்குப் புள்ள கிடையாது. பஸ்ஸை விட்டு எவ எறங்குனாலும் கையில இருக்கிற புள்ளையப் புடுங்கித் தூக்கி வச்சுக்கிரும். திருப்பிக் குடுக்க மனசே வராது. பஸ்ஸே அதுக்காக நிக்கும். இந்த மந்தியும் அப்படித்தேன். எவ குட்டியக் கண்டாலும் புடுங்கிக்கிருது."

சிரித்தோம். நோட்டில் பெயரை எழுதிக்கொண்டேன். காரணத்தை எழுதவில்லை. அது என் தப்பு, மறுக்கவில்லை. இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அம்மாவின் தங்கையைச் சின்னாத்தா என்பார்கள். எங்கள் வீடுகளில் சாச்சி என்போம். அதனால் சின்னாத்தா என்ற சொல் என் காதில் கடலை விற்கிற ஒரு அம்மாளின் பெயராக மட்டுமே விழுந்தது. வைத்தியலிங்கம் சாருக்கோ இந்த ஊர் வழக்குச் சொற்கள் என்றால் உயிர். சட்டைப்பையில் அதற்கென்றே ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தார். "எங்க ஊர்ல சித்தி. இங்க சின்னாத்தா. எவ்வளவு அழகு பார்த்தீங்களா!" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பொங்கல் விடுமுறையில் ஆர்.எஸ்.மங்கலத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒத்தக்காதி குட்டி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று காலை சின்னாத்தா போய் அந்தக் குட்டியைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உயரக் கிளைக்குப் போய்விட்டது. ஒத்தக்காதி கீழ்க்கிளையில் இருந்து கத்தியது, நெருங்கத் துணியவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: 'காலை: ஒத்தக்காதியின் குட்டி சின்னாத்தாவிடம். மதியம்: சின்னாத்தாவிடம். விடவில்லை. மாலை: சின்னாத்தாவிடம். ஒத்தக்காதி தனியே.' மறுநாள் காலைக்கும் அதேபோல் ஒரு வரி. அன்று மத்தியானம் ஊரிலிருந்து ஆள் வந்தது. அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, மாரடைப்பு.

பெரியபட்டினத்துக்கு வர ராமநாதபுரத்தில் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் சார் வீடு. ஓடிப்போய் நோட்டைக் கொடுத்தேன். "அத்தாவுக்கு முடியல சார், போறேன். இதுல பாதிதான் இருக்கு. மீதியை வந்து சொல்றேன்" என்றேன். பாதிதான் இருக்கு என்று சொன்னேன். வாசற்படியில் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அத்தாவைப் பாருங்க சீனி, நோட்டு எங்க போயிடப்போகுது" என்றார்.

ஒரு வாரத்தில் அத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். நான் மறுபடி கண்மாய்க் கரைக்குப் போனேன். ஒத்தக்காதி காய்ந்த தோல்போல எதையோ மாரோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கருப்பையா சொன்னார்.

"அந்தக் குட்டி மூணாம் நாள் காலைல செத்துப்போச்சு பாய். சின்னாத்தாகிட்ட பால் ஏது? அது பாட்டுக்குக் கத்திக் கத்தி அடங்கிருச்சு. அடங்குனதும் அந்த முண்டை இந்தா இங்கன போட்டுட்டுப் போயிருச்சு. பெத்தவ வந்து எடுத்துக்கிட்டா. இன்னும் கீழ வைக்கல."

இரண்டாவது நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன், எதைக் கண்டேன், எதைக் கருப்பையா சொல்லக் கேட்டேன் என்று பிரித்து. நேரே ராமநாதபுரம் போனேன். சார் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"கட்டுரை போயாச்சு சீனி! நீங்க நோட்டு குடுத்த அன்னிக்கே உக்கார்ந்து எழுதி, சாயங்கால ரயில் தபால்ல சேர்த்துட்டேன். தாய் சீக்கா இருக்கா, தங்கச்சிக்காரி அக்கா பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறா! வாலில்லாக் குரங்குலயே இது உண்டா இல்லையான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள பெரிய சண்டை நடக்குது. நம்ம கண்மாய்க் கரையில நாட்டுக் குரங்குல!"

"யாரு சார் தங்கச்சி?"

"சின்னாத்தா."

சொன்னேன். கடலைக்காரம்மாவைச் சொன்னேன், பிடுங்கியதைச் சொன்னேன், குட்டி செத்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளிறியது நிஜம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து மாட்டியபோது பழைய முகம் வந்துவிட்டது.

"தந்தி குடுத்து நிறுத்தச் சொல்லுங்க சார்."

"அச்சுக்குப் போயிருக்கும். வரட்டும். அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்தம் போட்டுடலாம்."

"இந்த நோட்டை வாங்கிக்குங்க. எல்லாம் இதுல இருக்கு."

"அதை நீங்களே வச்சுக்குங்க" என்றார். கையை நீட்டக்கூட இல்லை.

பத்திரிகை வந்தது. படித்தேன். கடைசி வரி: 'இதை நேரில் கண்டவர் என் நண்பர் சீனி முகம்மது.' எங்கள் தெருவில் யாரோ அதை அத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். அத்தா என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒம் பேரு போட்டிருக்காமே. அந்தக் குட்டி வளந்ததை நீ பாத்தியா?"

"இல்லத்தா. அது செத்துப்போச்சு."

"அப்ப பொய்ச்சாட்சியில்ல சொல்லிருக்கே."

"நான் சொல்லலத்தா. அவரு எழுதிட்டாரு."

"ஒம் பேரு இருக்கா இல்லையா?" என்று கேட்டார்கள். எங்களுக்குச் சாட்சி என்பது சாதாரண விஷயம் இல்லை. மார்க்கமே இறைவன் ஒருவன் என்று சாட்சி சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது. அத்தா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார்கள். இதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் நான் ஏதாவது செய்தி கொண்டுவந்தால், 'நீ பாத்தியா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள்.

பத்திரிகைக்கு நான் கடிதம் எழுதினேன். போடவில்லை. இன்னொன்று எழுதியிருக்கலாமே என்பீர்கள். அந்தச் சமயம் எனக்குப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது, நன்னடத்தைச் சான்று வேண்டியிருந்தது. துறையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். போட்டுக் கொடுத்தார். 'உண்மை பேசுபவர், நம்பத்தக்கவர்' என்று தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கடிதத்தை எழுதாமல் விட்டேன். இதற்கு நான் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

திருத்தம் வரவில்லை. குட்டிதான் வளர்ந்தது. வானொலியில் பேசியபோது சின்னாத்தாவுக்குப் பால் சுரந்தது. புத்தகமாக வந்தபோது ஒத்தக்காதி, சாகும் தறுவாயில், தன் கையாலேயே குட்டியைத் தங்கையிடம் ஒப்படைத்தது. கொஞ்ச வருஷத்தில் பாடப்புத்தகத்துக்கு வந்தபோது அந்தக் குட்டி கூட்டத்துக்கே தலைவனாகிவிட்டது. பாடத்தின் பெயர் 'சின்னம்மாவின் பாசம்'. சின்னாத்தா வட்டார வழக்காம், அதனால் சின்னம்மா என்று மாற்றிவிட்டார்கள். கடலைக்காரம்மாவின் பெயர் இப்படியாகக் காணாமலே போயிற்று. பாடத்துக்குக் கீழே கேள்விகள். கோடிட்ட இடத்தை நிரப்புக: இந்நிகழ்ச்சியை நேரில் கண்டவர் ———. என் பெயரை எழுதினால் ஒரு மார்க். நானே பாடம் நடத்தி, நானே பேப்பர் திருத்தி, வருஷா வருஷம் அந்த ஒரு மார்க்கை நானே போட்டேன்.

ரஹ்மத் என்று ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். வீட்டில் ஆடு வளர்க்கிறவர்கள். பாடம் முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், குட்டி போடாத ஆட்டுக்குப் பால் வராதுல்ல சார். சின்னம்மாவுக்கு மட்டும் எப்படி சார் வந்துச்சு?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முப்பத்தேழு பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் அன்று கண் திறந்திருந்தது. அவளுக்கு நான் சொன்ன பதில்: "பரீட்சைக்குப் பாடத்துல உள்ளதை எழுது. மார்க் கிடைக்கும்." அவள் உட்கார்ந்தாள். எனக்கு அன்று வைத்தியலிங்கத்தைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அதைச் சொன்னது என் வாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ராமநாதபுரம் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தேன். ரஹ்மத் கேட்டதைச் சொன்னேன்.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்.

"எப்ப சார் திருத்தப் போறீங்க?"

"சீனி, ஒரு குட்டி செத்ததுக்குத் தமிழ்நாடே அழணுமா? அது பிழைச்சதுன்னு நினைச்சுப் பிள்ளைங்க சந்தோஷமா இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே."

"அப்ப கதைன்னு போடுங்க. விலங்கியல்னு போடாதீங்க. இல்லையா, என் பேரையாவது எடுத்துருங்க."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க பேர் இருக்கறதாலதான் நம்பறாங்க."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

பிற்காலத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பார்க்கப் போனால், "டாக்டர் சீனியைத் தொடவே கூடாதுன்னுட்டார், உங்களோட எப்படிப் பேசறது?" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். கோபக்காரனைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது சண்டை போட்டவர்களுக்குத் தெரியும். தொகுப்பு நூல் வருகிறது, அதில் அடிக்குறிப்புப் போட்டுவிடுகிறேன் என்று மீனாவை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். நம்பினேன். தொகுப்பு வந்தது. தபாலில் எனக்கு ஒரு பிரதி, 'அன்பு சீனிக்கு' என்று கையெழுத்தோடு. பக்கத்தைப் புரட்டினேன். அடிக்குறிப்பு இருந்தது. 'நேரில் கண்ட சீனி முகம்மது இப்போது தலைமையாசிரியராக உள்ளார்.'

அடப்பாவி மனுஷா! அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை, அவர் செத்த அன்று ஏறும்வரை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் நன்றாகத்தான் இருந்தது. மாலை போட்டேன். மீனா என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள்.

"பீரோவுல அப்பா இதைப் பூட்டியே வச்சிருந்தாங்க மாமா. மத்த நோட்டெல்லாம் அலமாரியில கிடக்கு. போன மாசம்தான், 'நான் போனப்புறம் சீனிகிட்ட குடுத்துரு'ன்னு சொன்னாங்க."

வாங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"சின்னப் பிள்ளையில இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாங்க. அந்தக் குட்டி கடைசியா என்ன மாமா ஆச்சு?"

தகப்பன் கூடத்தில் கிடக்கிறார். நான் என்ன சொல்வேன்? "கூட்டத்தோட போயிருச்சும்மா" என்றேன். பொய்ச்சாட்சி சொல்ல இந்தத் தடவை யாரும் என் பெயரைப் போடத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். என் முதல் நோட்டு. அந்தப் பக்கம். 'ஒத்தக்காதியின் குட்டி சின்னாத்தாவிடம்' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. 'விடவில்லை' என்ற சொல்லுக்குக் கீழே கோடு இல்லை, அதைத் தாண்டிப் போயிருக்கிறார். ஓரத்தில், சின்னாத்தா என்ற சொல்லுக்கு நேராக, பென்சிலால் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்:

'யாருக்கு?'

கண்ணாடியை மாற்றிப் போட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பென்சில் எழுத்தின் வால்மேல் சிவப்பு மை ஓடியிருக்கிறது. கேள்விதான் முதலில். யாருக்குச் சின்னாத்தா, ஒத்தக்காதிக்குத் தங்கை என்று யார் சொன்னது என்று அவருக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. அவருடைய முறைப்படி, பதில் வராமல் சிவப்பைத் தொட்டிருக்கக் கூடாது. பதில் ஒரு வாரத்தில் வந்திருக்கும், பெரியபட்டினத்திலிருந்து பஸ்ஸில். சாயங்கால ரயில் தபாலுக்கு நேரமாகிவிட்டது. இத்தனை நாளும் தெரியாமல் செய்த தப்பை ஒப்புக்கொள்ளாத வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தே தாண்டியிருக்கிறார். தாண்டியதை முப்பத்தைந்து வருஷம் பூட்டியும் வைத்திருக்கிறார். என்னிடம் கொடுக்கச் சொன்னது மன்னிப்புக் கேட்பதா, இல்லை, திருத்துகிற வேலையையும் என் தலையில் கட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னதுதான் அவர் குணத்துக்குப் பொருந்தும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்தான். நல்ல கேள்வி அது. கேட்கத் தெரிந்த மனுஷன் கேட்காமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொன்னாடைகளையும் புத்தகங்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனா, அன்று நீ கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். அந்தக் குட்டி மூன்றாம் நாள் காலையில் பசியில் செத்துப்போயிற்று. அதை வளர்த்தவர் யாரும் இல்லை. சாகும்போது நான் அங்கே இல்லை. கருப்பையா இருந்தார், அவர் சொல்லக் கேட்டேன். சின்னாத்தா அதைப் பிடுங்கிக்கொண்டு போனதையும், அதன் தாய் செத்ததைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டிருந்ததையும் மட்டும் என் கண்ணால் கண்டேன். நான் நேரில் கண்டது அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்துவிட்டு அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். 'யாருக்கு?' என்ற பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'யாருக்கும் இல்லை சார். அது பேர்.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன்.